புதன்கிழமை ஊசியை நினைவூட்ட வாட்ஸ்அப்: முதன்முறை செய்பவர்களுக்கு

ஏற்காட்டு எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் குழந்தைக்குத் தடுப்பூசித் தவணை தவறுவதற்கு நான் பார்த்த காரணங்கள் இரண்டு. ஒன்று மறதி. இன்னொன்று, ஊசி போட்ட ராத்திரி வரும் காய்ச்சல் பற்றிய பயம். கையிலிருக்கும் போனை வைத்தே இரண்டையும் சமாளிக்கலாம்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். தாய் சேய் நல அட்டையைப் பார்த்து அடுத்த தவணைத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: 6, 10, 14 வாரம், 9 மாதம், அப்புறம் 16 முதல் 24 மாதத்துக்குள். போன் யாரிடம் இருக்கிறது என்றும் எழுதுங்கள். காப்பிப் பழம் பறிக்கும் நாட்களில் அது பெரும்பாலும் அப்பாவின் சட்டைப் பையில்தான் இருக்கும்.

அடுத்து, குரூப் வேண்டாம். எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்; பெண்கள் தயங்குவார்கள். வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் போடுங்கள், தவணைக்கு ஒன்றாக; ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரை அவர்கள் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். ஆகவே வாசலில் உட்கார்ந்து அவர்கள் போனிலேயே பதிந்துவிட்டு வாருங்கள்.

சரி, என்ன அனுப்புவது? நான் முதலில் படமும் பத்தியுமாக நீளமாக அனுப்பினேன், யாரும் படிக்கவில்லை. இப்போது குரல் பதிவுதான், அரை நிமிடத்துக்குள். செவ்வாய் மாலை ஏழு மணிக்கு மேல், போன் வீடு திரும்பியதும் அனுப்புகிறேன்:

"அக்கா, நாளைக்குப் புதன்கிழமை, பாப்பாவுக்கு ஊசி. அட்டையை எடுத்துட்டு வாங்க. காய்ச்சல் ஒண்ணு ரெண்டு நாள் வரலாம், பயப்படாதீங்க. தாய்ப்பாலை நிறுத்த வேணாம். நர்ஸ் அக்கா சொன்ன அளவு மட்டும் மருந்து குடுங்க. வலிப்பு வந்தாலோ காய்ச்சல் விடலைன்னாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

இதைக் கிராம சுகாதார செவிலியரிடம் ஒருமுறை போட்டுக் காட்டிவிட்டு அனுப்புங்கள். குழந்தையின் பெயரைச் சொல்லாதீர்கள்.

அதே இரவில் ஒருவர் குரலிலேயே கேட்டார்: "ரெண்டு தவணை விட்டுப்போச்சு, மொதல்ல இருந்து போடணுமா?" வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். இது தெரியாமல் வெட்கப்பட்டு வராமலே இருந்துவிடுகிறார்கள். அதனால் இந்த ஒரு பதிலை மட்டும் தனிப் பதிவாக எப்போதும் தயாராக வைத்திருங்கள்.

மலையில் சிக்னல் வந்து வந்து போகும். புதன் காலை எழுந்ததும் யாருக்குச் செய்தி போய்ச் சேராமல் ஒற்றை டிக் நிற்கிறது என்று பாருங்கள். சாதாரண போன் வைத்திருப்பவர்களோடு அவர்களையும் சேர்த்துக் கூப்பிடுங்கள்; எடுக்காவிட்டால் வீட்டுக்கே நடந்து போங்கள்.