வன்னி வெக்கைக்குள் ஓர் அக்கோடியன் தனிக்கச்சேரி

அக்கோடியனில் மேற்கத்தேய சாஸ்திரிய இசையைத் தனியே வாசிக்கப் போகிறவர் முதலில் ஆராய வேண்டியது வாத்தியத்தின் இடப்பக்கத்தை. தேவாலயத்திலும் பாடசாலை வாத்தியக் குழுவிலும் நாம் காணும் 120 பொத்தான் அக்கோடியன் ‘ஸ்ட்ரடெல்லா’ முறையில் அமைந்தது: 6 நிரை, நிரைக்கு 20 பொத்தான். இரண்டு நிரைகள் தனிச் சுரங்கள். மற்ற நான்கும் அழுத்தியவுடன் பல சுரம் சேர்ந்த கோர்வையாக ஒலிக்கும்: மேஜர், மைனர், செவன்த், டிமினிஷ்ட் என்ற நான்கு வகை. தனிச் சுரங்கள் ஓர் ஸ்தாயிக்குள் அடங்கிவிடும். எனவே கீழே இறங்கிக்கொண்டிருக்கும் மெட்டு ஏதோ ஓரிடத்தில் திடீரென மேலே தாவும்.

இரண்டு மெட்டுகள் ஒரே நேரத்தில் தனித்தனியே நடக்கும், இசையமைப்பாளர் பாக்கின் இரண்டு குரல் இன்வென்ஷன்கள் இந்த வாத்தியத்தில் நொண்டுவது இதனால்தான். எத்தனை மணித்தியாலம் பழகினாலும் அது மாறாது. அவற்றுக்குப் பொத்தானுக்கு ஒரு சுரமாகப் பல ஸ்தாயிகளுக்கு விரியும் ‘ஃப்ரீ பேஸ்’ வேண்டும். இசையமைப்பாளர் சோஃபியா குபைதுலினா 1978இல் எழுதிய ‘டி ப்ரொஃபுண்டிஸ்’ போன்ற அக்கோடியனுக்கே பிறந்த படைப்புகளும் அப்படித்தான். சாதாரண வாத்தியத்தில் அவற்றைத் தொடாதீர்கள்.

தொடக்கத்துக்கு ஏற்றது ஹாண்டலின் ஜீ மைனர் பஸக்காலியா, அதாவது ஒரே கோர்வை வரிசையின் மேல் மெட்டு மாறிக்கொண்டே போகும் உருப்படி. 1720இல் அச்சான தொகுதியின் ஏழாவது சூட்டில் (உருப்படித் தொடரில்) கடைசி உருப்படி அது. எட்டுக் கோர்வைகள் திரும்பத் திரும்ப வரும்: ஜீ மைனர், சி மைனர், எஃப், பி பிளாட், ஈ பிளாட், ஏ டிமினிஷ்ட், டி, மீண்டும் ஜீ மைனர். ஆறாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஏ டிமினிஷ்ட் பொத்தானில் பெரும்பாலான வாத்தியங்கள் ஏ, சி, எஃப் ஷார்ப் என மூன்றே சுரம் தரும். தேவையான ஈ பிளாட் அதில் இல்லை. எஃப் ஷார்ப்போ அடுத்து வரவேண்டிய டி கோர்வையை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பொத்தானை விட்டுவிட்டு, ஏ தனிச் சுரத்தோடு சி மைனர் கோர்வையை அழுத்துங்கள். ஏ, துருத்தியை ஒட்டிய முதல் நிரையில் எஃப்-க்கு நேரே இருக்கிறது. மோதிர விரல் அங்கேயும் சுட்டுவிரல் சி மைனரிலும் சிரமமில்லாமல் விழும்.

ஸ்கார்லாத்தியின் சொனாட்டாக்களில் இடக்கை எளிதானவற்றை மட்டும் பொறுக்கி எடுங்கள். முழுக் கச்சேரிக்கும் 45 நிமிடம் போதும். தோள் களைக்க முன்னரே துருத்திக்கு அதிக வேலை வைக்கும் உருப்படியை முடித்துவிடுவது நல்லது. 120 பொத்தான் வாத்தியம் 10 கிலோ அளவில் இருக்கும் என்பதை மேடையில்தான் உணர்வீர்கள்.

துருத்தி இழுப்பிலிருந்து அமுக்கலுக்கோ அமுக்கலிலிருந்து இழுப்புக்கோ திரும்பும் இடங்களை நோட்டுத்தாளில் பென்சிலால் அம்புக்குறி போட்டு வையுங்கள். வாக்கியம் முடியும் இடத்தில், விரல் எழும் நொடியில் திருப்ப வேண்டும். நீண்ட சுரத்தின் நடுவில் திருப்பினால் வெட்டு விழும். காற்று முன்பே தீர்ந்தால், காற்றில் அதிர்ந்து ஒலி தரும் உலோக நாக்குகளான றீட்டை அதிகம் திறந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். எல்லா றீட்டையும் திறக்கும் மாஸ்டர் சுவிட்சை விட்டு, ஒற்றைப் புள்ளி நடுவில் குறித்திருக்கும் கிளாரினெட் சுவிட்சுக்கு மாறுங்கள். மியூசெட் சுவிட்ச் வேண்டவே வேண்டாம். ஒரே சுரத்தை வேண்டுமென்றே சற்று விலகிய சுருதிகளில் ஒலிக்கவைப்பதால் குரல்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

இனி வன்னி வெயில். றீட் தகடுகளை மரக்கட்டையில் பிடித்து வைத்திருப்பது தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகு. தேன்மெழுகு 62 முதல் 65 பாகை செல்சியஸில் உருகும். அதற்கு வெகு முன்பே இளகும். மதியத்தில் யன்னல் மூடிய வான் வண்டிக்குள் வாத்தியத்தை விட்டால் தகடு நழுவும். அடுத்தடுத்த சில சுரங்கள் மூச்சு வாங்குவதுபோல் ஒலித்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வவுனியாவிலிருந்து ஏ9 வீதி வழியே கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுப் பக்கமோ போவதென்றால் விடியப் புறப்படுங்கள். பஸ்ஸில் சாரதிக்குப் பக்கத்து எஞ்சின் மூடியில் பெட்டியை வைக்க விடாதீர்கள், எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும். பெட்டியைப் படுக்கப் போடாமல், வாத்தியம் வாசிக்கும் நிலையில் நிற்கும்படி வையுங்கள்.

கச்சான் காற்றுக் காலத்தில் கிறவல் தூசி இன்னொரு தொல்லை. றீட்டின் இடுக்கில் ஒரு துகள் சிக்கினால் இழுக்கும்போது மட்டும் அல்லது அமுக்கும்போது மட்டும் ஒரு சுரம் ஊமையாகும். அந்தச் சுரத்துக்குரிய விசைக்கட்டையை அழுத்தியபடி துருத்தியை நாலைந்து தடவை வேகமாக இழுத்து அமுக்கிப் பாருங்கள். சரிவராவிட்டால் திருத்துபவரிடம் கொடுங்கள். ஊசியால் சுரண்டினால் சுருதி போய்விடும்: நுனியில் சுரண்டினால் ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும்.

மாரியில் உருக்கு றீட் துருப்பிடிக்கும், தோல் வால்வு சுருளும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். ஏசி அறையிலிருந்து நேரே புழுக்கத்துக்குள் எடுத்து வராதீர்கள், உள்ளே நீர் படியும்.

கச்சேரியை மாரியில் வைப்பதென்றால் தகரக் கூரை மண்டபம் உதவாது. ஒரு மழை வந்தால் ஹாண்டல் கேட்காது. கோடையிலும் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு தொடங்குங்கள். அதற்கு முன் கூரை ஆறாது. தகரமும் சீமெந்துச் சுவரும் உச்ச ஒலியைக் கூசும்படி திருப்பியடிக்கும், மேல் ஸ்தாயி றீட்டைத் திறக்கும் பிக்கொலோ சுவிட்சை மூடியே வையுங்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல், ஆவணியில் மடு மாதா திருவிழா நாட்களைத் தவிர்க்காவிட்டால் கதிரைகள்தான் கேட்கும்.

எண்பது பேருக்குள் என்றால் ஒலிபெருக்கி தேவையில்லை. கரண்ட் போனாலும் கவலை இல்லை. மைக் வைத்தே ஆகவேண்டுமென்றால் ஒன்றை எதிரே ஒரு மீற்றர் தள்ளி நடுவில் வையுங்கள். கட்டைப் பக்கம் ஒட்டி வைத்தால் கட்டைகளின் டக் டக் சத்தம் முன்னுக்கு வரும். இடப்பக்கமோ துருத்தியோடு அசைவதால் ஒலி ஏறி இறங்கும். மேசை விசிறியை மைக்குக்கு நேரே திருப்பாதீர்கள்.

கைப்பிடி இல்லாத கதிரை எடுங்கள், தொடை மட்டமாக இருக்கட்டும். இடத் தோள்வாரை வலதைவிடக் கொஞ்சம் இறுக்கிவிடுங்கள். துருத்தி இடத் தொடையில் அமர வேண்டும். ஒவ்வொரு உருப்படிக்கும் முன் இரண்டு வசனம் தமிழில் சொல்லுங்கள்: யார் எழுதியது, எதைக் கவனிப்பது. பஸக்காலியாவில் எட்டுக் கோர்வையை இடக்கையில் மட்டும் ஒருமுறை வாசித்துக் காட்டினால் மேலே நடக்கும் மாற்றங்களைச் சபை தானாகப் பின்தொடரும். முடிந்ததும் வியர்வையைக் காய்ந்த பருத்திச் சீலையால் துடைத்து, துருத்தி வாரைப் பூட்டிய பின்தான் பெட்டியை மூட வேண்டும்.