பிக் மட்சுக்கு யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

யாழ். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான பிக் மட்ச், அதாவது வடக்கின் பெருஞ்சமர் என்ற கிரிக்கெட் ஆட்டம், 1904இல் தொடங்கியது. யுத்த காலத்தில் சில வருடங்கள் தடைப்பட்டாலும் இன்றும் மார்ச் மாதத்தில், பெரும்பாலும் வியாழன், வெள்ளி, சனி என மூன்று நாள் ஆட்டமாக, மத்திய கல்லூரி மைதானத்தில் நடக்கிறது. திகதி வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால், பழைய மாணவர் சங்கம் உறுதிப்படுத்திய பிறகே விமான ரிக்கெற் போடுங்கள். பத்திரிசியார் கல்லூரியும் யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதும் பொன் அணிகளின் போருக்குப் போகிறவர்களுக்கும் கீழே சொல்வது ஏறக்குறைய அப்படியே பொருந்தும்.

லண்டனில் மட்ச் என்றால் மைதானத்துக்குப் பக்கத்துப் பப்பில் கூடி, மாறி மாறி வாங்கிக் குடித்துவிட்டு, நேரமானதும் எழும்பிப் போவோம். ரொறன்ரோவிலும் கிட்டத்தட்ட அதேதான். என்ன ஜேர்சி போட்டிருக்கிறீர்கள் என்பது மட்டும் போதும், பக்கத்து மேசைக்காரன் பேச வந்துவிடுவான். யாழ்ப்பாணத்தில் ஜேர்சியைப் பார்த்து யாரும் பேச வரமாட்டார்கள். "எந்த பட்ச்?" என்பதுதான் முதல் கேள்வி. ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) எடுத்த வருடத்தைச் சொல்லுங்கள். இடையில் ஊரை விட்டுப் போனவர்கள் ஓ.எல் (சாதாரணதரப் பரீட்சை) வருடத்தைச் சொல்லலாம். அது தெரிந்த பிறகுதான் நீங்கள் அண்ணையா தம்பியா என்று முடிவாகும், எந்தப் பந்தலில் இருப்பீர்கள் என்பதும் முடிவாகும். உங்களுக்குப் படிப்பித்தவரைக் கண்டால் உங்களுக்கு அறுபது வயதானாலும் அவர் "சேர்"தான். கதிரையை விட்டு எழும்பிக் கதையுங்கள்.

ஆகவே ஆயத்தம் தொடங்கவேண்டிய இடம் உங்கள் பட்ச் வட்சப் குழு. ஜனவரி முடிவதற்குள் அங்கே கேட்டுவிட வேண்டியவை: ரீசேட் அளவு, இராப்போசனம் எந்த இரவு, இருக்கை எங்கே, ஆளுக்கு எவ்வளவு காசு. ரீசேட்டில் கவனம். உள்ளூர்த் தையலில் அளவுகள் சிறிது. கனடாவில் 'மீடியம்' போடுகிறவர் 'லார்ஜ்' சொல்வது பாதுகாப்பு. பட்ச் காசை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். கடைசி நாளில் டொலர்த் தாளை நீட்டினால், பொறுப்பாக நிற்கும் நண்பர் மட்சைப் பார்க்காமல் காசு மாற்ற அலையவேண்டி வரும்.

வெளிநாட்டில் மட்சுக்கு முன்னான கூடல் இரண்டு மணி நேரம். இங்கே அது ஒரு வாரம். மாணவர்கள் கொடியோடும் பாண்டோடும் ஊர்வலம் போவார்கள், பழைய மாணவர்களிடம் காசு சேர்ப்பார்கள். வீட்டுக்கோ தங்குமிடத்துக்கோ பொடியள் வந்து தொப்பியை நீட்டினால், எந்த வகுப்பு, வகுப்பாசிரியர் யார் என்று கேளுங்கள். உண்மையான மாணவன் பட்டென்று சொல்வான். தடுமாறுகிறவனுக்குச் சிரித்தபடி விடைகொடுக்கலாம். 500, 1000 ரூபாய்த் தாள்களாகக் கையில் வைத்திருங்கள். 5000 ரூபாய்த் தாளை ஓட்டோக்காரரோ கச்சான்காரரோ மாற்றித் தரமாட்டார். ஒரு குழுவுக்கு அள்ளிக் கொடுத்தால் செய்தி அடுத்த குழுவுக்குப் பத்து நிமிடத்தில் போய்ச்சேரும், மீதியை நீங்களே ஊகிக்கலாம்.

பில் விசயத்தில்தான் அதிகம் சங்கடப்படுகிறார்கள். ஆளுக்காள் பிரித்துக் கட்டுவோம் என்று மேசையில் சொன்னால் எல்லோருக்கும் முகம் சுருங்கும். கூப்பிட்டவர் கட்டுவார், அல்லது இருப்பவர்களில் மூத்தவர் கட்டுவார். வெளிநாட்டிலிருந்து வந்தவர் கட்டவேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் எதிர்பார்ப்பு இருக்கும். மூன்று நாளில் ஏதாவது ஒன்றை முழுதாக உங்கள் பொறுப்பில் எடுங்கள்: பந்தலில் இருக்கும் இருபது பேருக்குத் தேத்தண்ணியும் றோல்சும், அல்லது ஒருநாள் மத்தியானச் சாப்பாடு. எழும்பிக் கை கழுவப் போகிற சாட்டில் கடைக்காரரிடம் கட்டிவிட்டு வந்தால் பேச்சு வராது. மூன்று நாளும் நீங்களே கட்டினால் அது பெருமை காட்டுவதாகப் போய்விடும்.

மது பற்றி வெளிப்படையாகச் சொல்லவேண்டும். மைதானம் பள்ளிக்கூட வளவு. அங்கே போத்தல் கொண்டுபோவது கல்லூரிக்கே அவமானம். வீதியோரத்திலோ நிறுத்திய வாகனத்துக்குள்ளோ குடித்தால் பொலிஸ் பிடிக்கும். 21 வயதுக்குட்பட்டவருக்கு மது விற்பது சட்டப்படி குற்றம் என்பதால், லண்டனில் 18 வயதில் பப்புக்குப் போய்ப் பழகிய மகனுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போயா (பௌர்ணமி) நாளில் மதுக்கடைகள் பூட்டு. மார்ச்சிலும் ஒரு போயா வரும். இராப்போசனம் ஏற்பாடு செய்கிறவர்கள் நாட்காட்டியைப் பார்ப்பது நல்லது.

எட்டு மணிக்குச் சந்திப்போம் என்றால் பழைய மாணவர் சங்கத்தார் ஏழுக்கே நிற்பார்கள், உங்கள் பட்ச் பத்துக்குத்தான் வந்துசேரும். பதறவேண்டாம். பழைய ஆட்களைச் சந்திப்பதற்கு மட்ச் தொடங்கும் முன்னான நேரத்தைவிட மத்தியான இடைவேளைதான் தோது. கொழும்பிலிருந்து இரவு பஸ்சில் வருகிறவர்கள் விடியற்காலையில் இறங்கி நேரே மைதானத்துக்குப் போகிறார்கள். நித்திரையில்லாத உடம்போடு மார்ச் வெயிலில் இருந்தால் இரண்டு மணிக்குமேல் தலையிடிதான். ஒருநாள் முன்னதாக வாருங்கள். தொப்பியும், ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீரும் வேண்டும். மலசலகூடம் குறைவு, இடைவேளையில் வரிசை நீளும். சிறுபிள்ளைகளை ஆட்டம் நடக்கும்போதே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். குடும்பமாகப் போனால் பாண்ட் அடிக்கும் பக்கத்தைத் தவிர்த்து, அழைப்பாளர் பந்தலில் இடம் கேளுங்கள்.

கூ அடிக்கலாம், எதிர்ப் பள்ளிக்கூடத்தைப் பாட்டுக் கட்டிக் கிண்டல் செய்யலாம். ஊர், சாதி, சமயம் இழுக்கக்கூடாது. சம்பளம் எவ்வளவு, யுத்த காலத்தில் எங்கே இருந்தாய் என்ற கேள்விகளை அவர்களாகத் தொடங்காவிட்டால் விட்டுவிடுங்கள். முக்கியமாக, கல்லூரிக் கொடியைத் தவிர வேறு கொடி வேண்டாம். வெளிநாட்டு மைதானங்களில் தூக்கிப் பழகிய புலிக்கொடியோ அந்தச் சின்னம் போட்ட ரீசேட்டோ இங்கே தடைசெய்யப்பட்டது. மாட்டுப்படுவது நீங்கள் மட்டுமல்ல, பக்கத்தில் நின்ற பொடியளும்தான். ட்ரோன் பறக்கவிட சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். பள்ளி மாணவிகளை அவர்கள் அனுமதியில்லாமல் படமெடுத்துப் போடாதீர்கள்.

இரண்டு பள்ளிக்கூடத்திலும் படிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம். படித்த ஒருவரோடு சேர்ந்து போய் அவர் பக்கத்திலேயே இருங்கள். யார் பக்கம் என்று கேட்டால் கூட்டிவந்தவரைக் காட்டினால் போதும்.