கார்ட்டூனை வைத்து வாதம் செய்வது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் ஆட்டுக்கறி, பேப்பர், சண்டை மூன்றும் உண்டு. மூன்றாவதைப் பெரும்பாலும் ஒரு கார்ட்டூன்தான் கிளப்பிவிடும். 2008 செப்டம்பரில், அப்போது ஆளும் கட்சித் தலைவராக இருந்த ஜேக்கப் ஜூமாவைப் பற்றிச் சண்டே டைம்ஸில் கார்ட்டூனிஸ்ட் ஸபீரோ வரைந்த படத்தால் பெரியப்பாவும் நானும் இரண்டு மாதம் பேசவில்லை. புதிதாக வாதத்தில் இறங்குகிறவர்களுக்கு அந்தப் படத்தையே வைத்துச் சொல்லித்தருகிறேன்.

படி 1: படத்தை வாயால் சொல்லுங்கள்

கருத்து இப்போது வேண்டாம். கோட்டில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள். “நீதி தேவதையைக் கூட்டாளிகள் நாலு பேர் தரையில் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். ஜேக்கப் ஜூமா பெல்ட்டைக் கழற்றுகிறார். தலையில் ஒரு ஷவர் முளைத்திருக்கிறது.” இவ்வளவுதான். நாங்கள் அன்று இதைக்கூடச் செய்யவில்லை. பெரியப்பா முழுசாகப் பார்ப்பதற்குள் பேப்பரை மடித்துவிட்டார், நான் அதற்குள் சிரித்துவிட்டேன்.

படி 2: நடந்ததையும் உவமையையும் பிரியுங்கள்

வாதம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் நிதானமாகப் போவோம்.

ஷவர் நடந்ததிலிருந்து வந்தது. 2006 பாலியல் வன்முறை வழக்கில், உறவுக்குப் பிறகு குளித்ததாகவும் அது எச்ஐவி ஆபத்தைக் குறைக்கும் என்றும் ஜூமா நீதிமன்றத்தில் சொன்னார். அதே வழக்கில் அவர் விடுதலையானார். அதுவும் நடந்ததுதான். நீதி தேவதை உவமை. ஊழல் வழக்கு தலைக்கு மேல் நின்ற நேரத்தில் அவரும் ஆதரவாளர்களும் நீதித்துறையைப் பலவந்தப்படுத்துகிறார்கள் என்பது ஓவியர் வைத்த குற்றச்சாட்டு.

நான் என்ன கத்தினேன் தெரியுமா? “செஞ்சதைத்தானே வரைஞ்சிருக்காரு!” அது பொய். விடுதலையான ஒருவரைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. பெரியப்பாவும் “படமே பொய்” என்று தப்பாகத்தான் பேசினார். உவமையில் உண்மை பொய் பார்க்க முடியாது. பொருந்துகிறதா, எதை வைத்துப் பொருத்தினார் என்று கேட்கலாம். உருப்படியான கேள்வியைக் கேட்டவர், அடுப்படியிலிருந்து வந்த பெரியம்மா ஒருவர்தான்: “இதுக்கு ஏன்டா ஒரு பொம்பளை உடம்பை எடுத்தான்?” இரண்டு கட்சிக்கும் பதில் இல்லை. என்னிடம் இன்னும் இல்லை.

படி 3: ஆளை மாற்றிப் பாருங்கள்

நம்மைப் புகழும் படத்தில் மிகை கண்ணில் படாது. 1908-ல் ஜோகன்னஸ்பர்க் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. அன்றைய டிரான்ஸ்வால் அரசின் அமைச்சர் ஜெனரல் ஸ்மட்ஸ் ஸ்டீம் ரோலரால் யானையை நசுக்கப் பார்க்கிறார், யானை அசையவில்லை. யானை இந்தியர்கள், மேலே காந்தி. அந்தப் படத்தைப் பார்த்தால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நெஞ்சு நிமிரும். ஆனால் இந்தியர்கள் கட்டாயம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, அந்த ஜனவரியில் காந்தியும் அவரோடு போராடிய தமிழர் தம்பி நாயுடுவும் சிறையில் இருந்தார்கள். மாதம் முடிவதற்குள் தாமாகவே பதிவு செய்துகொள்வதாக ஒரு சமரசம் ஏற்பட்டது. அதாவது யானை கொஞ்சம் நகரத்தான் செய்தது. “அதெல்லாம் படத்துக்காகக் கொஞ்சம் கூட்டி வரைவாங்க” என்று இங்கே விட்டுக்கொடுக்கிறோம் என்றால், ஸபீரோவுக்கும் அதே சலுகையைக் கொடுக்க வேண்டும். முடியாது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும். “அவர் நம்ம ஆளு” என்பது காரணம் ஆகாது.

படி 4: கோர்ட்டை இழுக்காதீர்கள்

ஜூமா வழக்குப் போட்டார், 2012-ல் வாபஸ் வாங்கினார். “பார்த்தியா, ஸபீரோ ஜெயிச்சுட்டார்” என்று குதித்தேன். வழக்கு போனதால் படம் நியாயமாகிவிடாது. வரைய உரிமை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, வரைந்தது சரியா என்பது வேறு கேள்வி. முதலாவதை அரசியல் சட்டம் பார்த்துக்கொள்ளும். சாப்பாட்டு மேஜையில் பேச வேண்டியது இரண்டாவதைத்தான்.

படி 5: தப்பை அன்றே சொல்லிவிடுங்கள்

“விடுதலை ஆனதை நான் மறந்துட்டேன் பெரியப்பா” என்று சொல்ல எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. கேட்டுவிட்டு அவர், “நானும் படத்தைச் சரியா பார்க்கலைடா” என்றார். அப்புறம் அந்தப் பழைய பேப்பரைத் தேடினோம். பெரியம்மா எப்போதோ அதில் கறிவேப்பிலையைச் சுற்றி வைத்துவிட்டிருந்தார்.