ஓவியக் கண்காட்சிக்கு முதன்முறை போகிறீர்களா? காட்சிக்கூடத்திலிருந்து ஓவியரின் பணியிடம் வரை

“எனக்கு ஓவியமெல்லாம் புரியாது” என்று சொல்லி, கண்காட்சி வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் பலர். நானும் அப்படித் திரும்பியவன்தான். ஓவியம் என்பது ஒருவர் நின்று, பூசி, சுரண்டி, காயவிட்டு, மறுபடியும் பூசிச் செய்த ஒரு பொருள். அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்க்க யாருக்கும் முன்பயிற்சி தேவையில்லை. ஏன் செய்யப்பட்டது என்பது பெரும்பாலும் அதன் பின்னாலேயே வரும். வராமல் போனாலும் நஷ்டமில்லை.

ஒரு சிறு விளக்கம்: ஓவியங்களை மாட்டிவைக்கும் இடத்தைக் காட்சிக்கூடம் என்றும், ஓவியர் வேலை செய்யும் இடத்தை ஓவியக்கூடம் என்றும் இங்கே சொல்கிறேன்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

முதல் தடவை ஒருவரின் தனிநபர் கண்காட்சிக்குப் போவது நல்லது. குழுக் கண்காட்சியில் பத்துப் பேரின் பத்து மொழிகள் ஒரே நேரத்தில் காதில் விழும். தொடக்கநாள் மாலையைத் தவிர்த்துவிடுங்கள். எல்லோரும் ஓவியங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் நாள் அது. வாரநாளில் திறந்தவுடன் போனால் கூடம் முழுவதும் உங்களுக்குத்தான். கண்காட்சி முடியும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள், கடைசிப் படிக்கு அது வேண்டும்.

படி 2: ஒரு வேகச் சுற்று

பத்து நிமிடத்தில் கூடம் முழுவதையும் ஒருமுறை சுற்றிவாருங்கள். எதையும் வாசிக்க வேண்டாம், எங்கும் நிற்க வேண்டாம். முடித்ததும் மூன்று ஓவியங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்: பிடித்தது ஒன்று, எரிச்சலூட்டியது ஒன்று, காரணம் தெரியாமல் கால் தயங்கிய ஒன்று. மற்றவற்றை இன்றைக்கு மறந்துவிடலாம். முப்பது ஓவியங்களையும் ஒழுங்காகப் பார்த்தேன் என்று சொல்பவரை நான் நம்புவதில்லை.

முதன்முதலில் என்னை எரிச்சலூட்டியது, ஆளுயரச் சாம்பல்நிறக் கேன்வாஸ் ஒன்று. ஏதோ பாதியில் விட்டுவிட்டுப் போனதுபோல் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

படி 3: காலால் பாருங்கள்

சித்திரம் கைப்பழக்கம் என்பார்கள். சித்திரம் பார்ப்பதோ கால்பழக்கம். ஒவ்வோர் ஓவியத்துக்கும் ஐந்து நிமிடமாவது கொடுத்து, மூன்று இடங்களில் நின்று பாருங்கள்.

முதலில் முழு ஓவியமும் ஒரே பார்வையில் அடங்கும் தொலைவு. கண் முதலில் எங்கே போகிறது, அடுத்து எங்கே இழுக்கப்படுகிறது என்று கவனியுங்கள். ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 முதல் 155 செ.மீ. உயரத்தில் வரும்படி மாட்டுவது வழக்கம். அதைவிட மிகத் தாழ்வாகவோ உயரமாகவோ மாட்டியிருந்தால், யாரோ யோசித்துத்தான் அப்படிச் செய்திருப்பார்கள்.

இரண்டாவது, கை நீட்டினால் படக்கூடிய தொலைவு. ஆனால் கையை நீட்டாதீர்கள். இங்கிருந்து பார்த்தால் உருவம் கரைந்துபோய்த் தூரிகையின் தடம் மட்டும் தெரியும். தன் பெரிய ஓவியங்களைச் சுமார் 45 செ.மீ. தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்று அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ பரிந்துரைத்ததாகச் சொல்வார்கள். அவ்வளவு அருகில் போனால் ஓரங்கள் பார்வையிலிருந்து மறைந்து, நிறத்துக்குள்ளேயே நிற்பதுபோல் ஆகிவிடும்.

மூன்றாவதை யாரும் சொல்லித்தருவதில்லை: பக்கவாட்டில், ஏறக்குறைய சுவரை ஒட்டி நின்று பாருங்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போது வண்ணத்தின் மேடுபள்ளங்கள் தெரியும். அடியில் புதைந்துபோன பழைய கோடுகள்கூடச் சில நேரம் புடைத்துத் தெரியும். அப்படியே கேன்வாஸின் ஓரத்தையும் பாருங்கள். சட்டமிடாத ஓவியங்களில் ஓரம்தான் உளறுவாயன். முதல் பூச்சு என்ன நிறம், அதன்மேல் என்ன வந்தது என்பதையெல்லாம் அது மறைக்காது.

தொடக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. விரலின் எண்ணெய்ப்பசையும் வியர்வையும் பரப்பில் தங்கி நாளடைவில் கறையாகும். தடிமனான எண்ணெய் வண்ணம் மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே மாதக்கணக்கில் இளகியிருக்கும். முதுகுப்பையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பேனாவால் எதையும் சுட்டிக்காட்டாதீர்கள். புகைப்படத்துக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். இருந்தாலும் ஃபிளாஷ் வேண்டாம்.

படி 4: இப்போது குறிப்புச் சீட்டை வாசியுங்கள்

பார்த்த பிறகுதான் வாசிக்க வேண்டும். முதலிலேயே வாசித்துவிட்டால், “தனிமை” என்று பெயர் போட்ட ஓவியத்தில் தனிமையைத் தவிர வேறெதுவும் தெரியாது. சீட்டில் பெயரைவிட முக்கியமானது ஊடகம், அதாவது எந்த வகை வண்ணத்தால் வரைந்தது என்பது. எண்ணெய் வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெல்ல இறுகுவதால், ஓவியர் நாள்கணக்கில் அதைக் கலைத்துக் குழைக்க முடியும். அக்ரிலிக்கில் நீர் ஆவியானால் கதை முடிந்தது. சில நிமிடங்களில் காய்ந்துவிடுவதால் கூர்மையான விளிம்புகளும் அடுக்கடுக்கான பூச்சும் அதற்கு எளிது. நீர்வண்ணத்தில் வெள்ளை பெரும்பாலும் வண்ணமே அல்ல, தொடாமல் விட்ட காகிதம்.

அளவுகளில் உயரம் முதலிலும் அகலம் அடுத்தும் வருவது மரபு. சீட்டருகே சிவப்புப் புள்ளி ஒட்டியிருந்தால் விற்றுவிட்டது என்று பொருள். விலைப்பட்டியல் வேண்டுமென்றால் வரவேற்பு மேசையில் தயங்காமல் கேட்கலாம்.

படி 5: ஓவியக்கூடத்துக்கு அனுமதி கேளுங்கள்

சில ஓவியர்கள் ஆண்டில் சில நாள்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். இல்லையென்றால் காட்சிக்கூடம் வழியாகவோ நேரடியாகவோ நாலு வரி எழுதினால் போதும். பாராட்டுரை எழுதாதீர்கள். எந்த ஓவியத்தின் முன்னால் நின்றீர்கள், எதைக் கவனித்தீர்கள் என்று எழுதுங்கள். “இரண்டாவது ஓவியத்தின் கீழ்விளிம்பில் செம்பழுப்பு தெரிகிறதே” என்ற ஒரு வரி, பத்து “அற்புதங்களை”விடக் கதவைத் திறக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்காதீர்கள். மறுத்துவிட்டால் வருத்தப்படவும் வேண்டாம். அது அவர் வேலை செய்யும் இடம்.

படி 6: உள்ளே போனதும்

கறைபட்டால் கவலையில்லாத உடையில் போங்கள். நான் சொல்வது அனுபவம். அந்தச் சாம்பல்நிற ஓவியத்தை வரைந்தவரின் ஓவியக்கூடத்துக்குள் தோளில் பையோடு நுழைந்து, திரும்பிய வேகத்தில் ஓவியத் தாங்கியில் இருந்த ஈரக் கேன்வாஸின் மூலையை இழுவிவிட்டேன். (தாங்கியின் ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் மழைக்கால ஈசல் ஆகிவிடுகிறது, அதனால் தாங்கி என்றே இருக்கட்டும்.) அவர் என்னைப் பார்க்காமல் கேன்வாஸைப் பார்த்தார். தட்டையான கத்தியால் அந்த இடத்தை வழித்தெடுத்துவிட்டு, “எண்ணெய் வண்ணம், பிழைத்தீர்கள்” என்றார். ஊடகம் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த கேன்வாஸ்களை நீங்களாகத் திருப்பாதீர்கள். முடியாத வேலையைப் பற்றிக் கேட்டாலொழியக் கருத்துச் சொல்லாதீர்கள், படமும் எடுக்காதீர்கள். பார்க்க வேறு நிறைய இருக்கிறது.

சன்னல் எந்தத் திசையில் இருக்கிறது? நிலநடுக்கோட்டுக்கு வெகுவடக்கே உள்ள நாடுகளில் வடக்குச் சன்னலை ஓவியர்கள் விரும்பியதற்குக் காரணம், அதில் நேர்வெயில் விழாமல் வெளிச்சம் நாள் முழுவதும் அதிகம் மாறாது என்பதே. தெற்கு அரைக்கோளத்தில் அது தலைகீழ். மூலையில் கண்ணாடி இருக்கிறதா? ஓவியத்தை இடவலம் மாற்றிப் பார்த்துக் கோணல்களைக் கண்டுபிடிக்க அது உதவும். சிலர் அதற்காகக் கேன்வாஸையே தலைகீழாக வைத்துப் பார்ப்பார்கள். வண்ணக்குழாய்களின் சீட்டையும் வாசியுங்கள். கடைப்பெயர் எதுவானாலும் நிறமிக்கு ஒரு குறியீடு உண்டு: பி.பி. 29 என்றால் அல்ட்ராமரின் நீலம், பி.டபிள்யூ. 6 என்றால் டைட்டானியம் வெள்ளை. அழுத்தி வண்ணம் எடுக்கும் இந்த உலோகக் குழாய்க்கு 1841-இல் காப்புரிமை பெற்ற ஜான் காஃப் ராண்ட் ஓர் ஓவியர். அதற்கு முன் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்தார்கள்.

குப்பையை அலட்சியப்படுத்த வேண்டாம். 1992-இல் இறந்த ஓவியர் பிரான்சிஸ் பேக்கனின் லண்டன் ஓவியக்கூடம், 1998-இல் டப்ளினிலுள்ள ஹியூ லேன் காட்சிக்கூடத்துக்குக் கொடையாகக் கிடைத்தது. தொல்லியலாளர்களை வைத்து 7,000-க்கும் மேற்பட்ட பொருள்களைப் பதிவுசெய்து, சுவர், கதவு, தரை, கூரை, தூசி உட்பட எல்லாவற்றையும் எடுத்துப்போய் அங்கே மறுபடி நிறுவினார்கள். அவற்றில் பேக்கன் கிழித்துப்போட்ட கேன்வாஸ்களே சுமார் 100. கதவிலும் சுவரிலும் அவர் வண்ணம் கலந்து பார்த்த தடங்கள் இருக்கின்றன. கண்காட்சிச் சுவர் சொல்லாததைக் குப்பை சொல்லும்.

படி 7: என்ன கேட்பது?

“இதற்கு என்ன பொருள்?” என்று மட்டும் வேண்டாம். சொல்லில் முடிந்திருந்தால் அவர் இவ்வளவு வண்ணத்தைச் செலவழித்திருக்க மாட்டார். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இதில் முதலில் வந்தது எது? எங்கே சிக்கிக்கொண்டீர்கள்? இதன் அடியில் என்ன இருக்கிறது? முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்தது? கண்காட்சிக்கு வேண்டாம் என்று ஒதுக்க நினைத்தது எது?

சாம்பல்நிற ஓவியத்தைப் பற்றி நான் மூன்றாவது கேள்வியைக் கேட்டேன். அடியில் மஞ்சள் வயல் ஒன்று இருந்ததாகவும், இரண்டு மாதம் வரைந்தபின் அது அழகாக மட்டுமே இருப்பதாகத் தோன்றியதால் மூடிவிட்டதாகவும் சொன்னார். அதற்குமேல் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

வாங்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. வாங்குவதாக இருந்தால், அந்த ஓவியருக்குக் காட்சிக்கூடத்தோடு ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பேச்சு அங்கேதான் நடக்க வேண்டும். ரசீதும், பெயர், ஆண்டு, ஊடகம், அளவு எழுதிக் கையொப்பமிட்ட சான்றிதழும் வாங்கிக்கொள்ளுங்கள். விடைபெற்றதும் கையைக் கழுவுங்கள். காட்மியம் போன்ற நிறமிகள் வாயில் போகக்கூடாதவை.

படி 8: மறுபடியும் காட்சிக்கூடம்

கண்காட்சி முடிவதற்குள் போய், அதே மூன்று ஓவியங்களைப் பாருங்கள். முதல் தடவை பிடித்திருந்ததை நான் இரண்டு நிமிடத்தில் கடந்துவிட்டேன். சாம்பல்நிறத்தின் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றேன். எரிச்சல் போகவில்லை. ஆனால் அது எந்த இடத்திலிருந்து வருகிறது என்று இப்போது என்னால் காட்ட முடிந்தது: வலது மேல்மூலையில், சாம்பலுக்கு அடியிலிருந்து கசியும் அந்த மஞ்சளிலிருந்து. காட்டிய விரலை ஓர் அடி தள்ளியே வைத்திருந்தேன்.