அல்ட்ரா வைடு ஜூம் வாங்கும் முன்: நான் செய்த, இன்னும் பலர் செய்கிற தவறுகள்

போன மாதம் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டு முகப்பில் இரண்டு தம்பிகளைப் பார்த்தேன். கையில் புது 10-18 மி.மீ. லென்ஸ், ரொம்ப அகலமாகக் காட்சியை அடக்குகிற அல்ட்ரா வைடு ஜூம் (மி.மீ. எண் குறையக் குறையக் காட்சி அகலமாகும்). திண்ணைத் தூணிலிருந்து நாலடி தள்ளி நின்று கேமராவை அண்ணாந்து பிடித்து எடுத்துவிட்டு, "எல்லாம் அடங்கிருச்சுடா" என்றான் ஒருவன். இதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டுதான் நானும் என் முதல் அல்ட்ரா வைடை வாங்கினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, கை ஆட்டம் இதெல்லாம் இரண்டு நாளில் தானே புரிந்துவிடும், அதற்குள் போகவில்லை.

கூட்டத்தை அடக்குவதற்காக வாங்குவது

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் அறுபதாம் கல்யாணம். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீடு. சென்னை, சிங்கப்பூர், மலேசியா என்று எங்கெங்கோ இருந்தவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். குடும்பப் படம் எடுக்க வளவில், அதாவது வீட்டு நடுவில் முற்றத்தைச் சுற்றியிருக்கிற பகுதியில், முற்றத்தை ஒட்டி நாற்பது பேரை நிறுத்தினோம். முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றிருந்தால் கேமராவோடு வருகிற 18-55 கிட் லென்ஸே போதும், ஆனால் அங்கே அண்டாவும் தாம்பாளங்களுமாகப் பரப்பி வைத்திருந்தார்கள். இரண்டு பேர் கை கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் ஒதுக்கியிருக்கலாம். நான் ஒதுக்கச் சொல்லவில்லை. பையில்தான் 10 மி.மீ. இருக்கிறதே என்று கிட்டேயே நின்று, ஓரத்திலிருந்து ஓரம் வரை ஆள் நிற்கும்படி எடுத்தேன்.

கேமராவின் சின்னத் திரையில் நன்றாகத்தான் தெரிந்தது. பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்த பிறகு அந்த வீட்டு அண்ணன் போன் செய்தார். "தம்பி, ஆச்சி மொகம் ஏன் இப்படி இருக்கு?" ஆச்சி வலது ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனுஷி. படத்தில் முகம் பக்கவாட்டில் இழுபட்டு, தோள் ஒரு பக்கம் வழிந்து, வேறு யாரோ போல இருந்தார். நடுவில் மாலையோடு நின்ற தம்பதியோ பக்கத்துத் தூண்களை விடச் சின்னதாகத் தெரிந்தார்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று யாரும் எனக்கு அப்போது சொல்லவில்லை. நேர்க்கோட்டை நேர்க்கோடாகவே காட்டுகிற எந்த லென்ஸும் ஓரத்தில் இருப்பதை வெளிப்பக்கம் இழுத்துத்தான் ஆக வேண்டும். எவ்வளவு இழுக்கும் என்பது கோணத்தைப் பொறுத்தது. 1.5 மடங்கு கிராப் சென்சாரில் (ஃபுல் ஃபிரேம் எனும் பெரிய சென்சாரை விட ஒன்றரை மடங்கு சின்னது) 18 மி.மீ. வைத்தால் இடவல ஓரத்தில் ஒரு முகம் உயரத்தை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அகலம் கூடித் தெரியும், பெரும்பாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அதே இடத்தில் 10 மி.மீ. வைத்தால் அகலம் ஒன்றரை மடங்கு ஆகிவிடும். வீட்டில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துப் பாருங்கள். நடுவில் வைத்தால் உருண்டை, ஓரத்துக்குத் தள்ளினால் முட்டை. இது லென்ஸின் குறை இல்லை, லட்ச ரூபாய் லென்ஸிலும் இதேதான். முகத்தைத் திருத்தும் மென்பொருள் உண்டு, நானும் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். முகம் சரியாக வந்தால் பின்னால் இருக்கிற தேக்குத் தூண் வளைகிறது, தூணை நிமிர்த்தினால் முகம் போகிறது.

ஓரத்தில் நின்ற நாலு பேரை வெட்டிவிட்டு, ஆல்பத்தை என் காசில் மறுபடி போட்டுக் கொடுத்தேன். வெட்டப்பட்டவர்களில் ஆச்சியும் ஒருவர். அத்தனை பேரும் அந்த வளவில் அப்புறம் ஒருமுறை கூடச் சேர்ந்து நிற்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் அடங்க மாட்டேன் என்கிறது, ஏனென்றால் தேவைப்பட்டது லென்ஸே இல்லை, பத்தடி பின்னால் போவதுதான். மூன்று வரிசையாக நிறுத்தியிருக்கலாம். மாடியிலிருந்து முற்றத்தைப் பார்த்து எடுத்திருக்கலாம். கூட்டத்தை எடுக்க என்று மட்டும் யாராவது அல்ட்ரா வைடு வாங்கப் போனால் தயவுசெய்து நிறுத்துங்கள். வேறு வழியே இல்லாமல் அதில் ஆட்களை எடுக்க நேர்ந்தால் எல்லாரையும் படத்தின் நடுப்பாதிக்குள் நிறுத்தி, ஓரத்தில் சுவரையும் தூணையும் விட்டுவிடுங்கள்.

16-35 வாங்கி கிராப் பாடியில் மாட்டுவது

"நாளைக்கு ஃபுல் ஃபிரேம் போவீங்க சார், இப்பவே வாங்கிருங்க" என்று கடையில் சொல்வார்கள். ஃபுல் ஃபிரேமுக்காகச் செய்த 16-35-ஐ 1.5 மடங்கு கிராப்பில் மாட்டினால், ஃபுல் ஃபிரேமில் 24-52 காட்டுவது போலத்தான் வேலை செய்யும். உங்களிடம் ஏற்கனவே இருக்கிற 18-55 காட்டுவது 27-82. அந்தப் பெரிய தொகைக்கு வைடு பக்கம் கிடைப்பது 2 மி.மீ. கிராப் பாடி வைத்திருப்பவருக்கு 10-லோ 11-லோ தொடங்குகிற, கிராப்புக்கென்றே செய்த லென்ஸ்தான் சரி. கேனனின் ஆர்.எஃப்.-எஸ் 10-18 வெறும் 150 கிராம். அப்புறம் இந்தப் பக்கம் ஒவ்வொரு மி.மீ.யும் பெரிது. 10-க்கும் 12-க்கும் நடுவில் கிடைமட்டக் கோணம் ஏறக்குறைய 10 டிகிரி மாறும். 50-ஐயும் 52-ஐயும் வைத்து எடுத்தால் வித்தியாசமே தெரியாது.

நீளமான வீட்டுக்கு வைடு லென்ஸ் என்று நினைப்பது

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசலில் நின்றால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நிலைக்கு நிலை தாண்டிப் பின்வாசல் வெளிச்சம் வரை நேராகத் தெரியும். இதைப் பார்த்ததும் எல்லாரும் வைடைத்தான் மாட்டுகிறார்கள். ஆனால் அதே இடத்தில் நின்று 10-ல் எடுத்தால் அந்தப் பின்வாசல் ஒரு பொட்டாகிவிடும், முன்னால் இருக்கிற நிலை மட்டும் படத்தை அடைத்துக்கொள்ளும். நிலைகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்றால் தெருப்பக்கம் தள்ளி நின்று 50-ஐயோ 85-ஐயோ போடுங்கள். அல்ட்ரா வைடுக்கு உரிய இடம் வேறு: பின்னால் போகச் சுவர் விடாத சின்ன அறை, மேல்தளத்து மரவேலை, காலடியில் ஏதாவது இருந்து அதைப் பெரிதாகக் காட்ட வேண்டிய காட்சி. பக்கத்தில் எதுவும் இல்லாமல் எடுத்தால் படத்தில் வெறும் இடம்தான் மிஞ்சும்.

அண்ணாந்து பிடிப்பது

அந்தத் தம்பிகள் செய்தது இதுதான். கொஞ்சம் சாய்த்தாலே தூண்கள் எல்லாம் உச்சியில் ஒன்றை ஒன்று நோக்கிச் சாயும், திருத்தப் போனால் ஓரம் வெட்டுப்பட்டு, காசு கொடுத்து வாங்கிய அகலம் போய்விடும். கேமராவை மட்டமாகப் பிடியுங்கள். கீழ்ப்பாதி முழுக்கத் தரைதான் வரும், உண்மை. ஆத்தங்குடித் தரை என்றால் அந்தப் பாதியும் வீணில்லை: கண்ணாடியில் வார்த்த பூப்போட்ட கல், முற்றத்து வெளிச்சத்தை வாங்கி மினுங்கும். வெறும் சிமெண்டுத் தரை என்றால் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, மட்டமாகவே பிடித்து எடுத்துக் கீழே வெட்டிக்கொள்ளுங்கள்.

எஃப் 2.8-க்காகக் கூடுதல் பணம்

எஃப் 2.8 லென்ஸ் கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விடும். ராத்திரி நட்சத்திரம் எடுப்பவருக்கு வேண்டும். வீட்டு உள்பக்கத்துக்கு ட்ரைபாட் போதும்.

போலரைசர்

வானத்தின் நீலத்தைக் கூட்ட லென்ஸ் முன்னால் மாட்டுகிற ஃபில்டர். இவ்வளவு அகலமான காட்சியில் வானம் ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளுப்பு. வேண்டாம்.

சோதிக்காமல் வாங்குவது

உங்கள் போன் கேமராவில் 0.5 என்று ஒன்று இருக்குமே, பல போன்களில் அது 13 மி.மீ. ஃபுல் ஃபிரேமுக்குப் பக்கத்தில் வரும். கிராப்பில் 9 மி.மீ. போல. ஒரு மாதம் அதை மட்டும் வைத்து எடுத்துப் பாருங்கள். கட்டடங்களுக்கு அது நல்ல சோதனை. ஆட்களுக்கு ஆகாது, பல போன்கள் ஓரத்து முகத்தைத் தாமே திருத்திக் கொடுத்துவிடும். அப்புறம் பழைய படங்களை ஃபோகல் லெங்த் (எத்தனை மி.மீ.) வாரியாகப் பிரித்து, 18-ல் எத்தனை எடுத்திருக்கிறீர்கள், அதில் எத்தனையில் உண்மையிலேயே இடம் பற்றவில்லை என்று எண்ணுங்கள். பத்துக்குள் நின்றால் அந்த இடங்களில் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து மூன்று படம் எடுத்து ஒட்டினால் முடிந்தது. கானாடுகாத்தான் தம்பிகளுக்கு அன்றைக்கே வளவில் வைத்து இதைச் செய்து காட்டினேன், 18-55-ல். ஒட்டி முடித்ததும் பெரியவன் 10-18-ன் பில்லை எடுத்து, திருப்பிக் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறதா என்று தேதியைப் பார்த்தான்.