மூன்று விலைப்புள்ளி, ஒரே பான் எண்

அட்டைப்பெட்டிக்கு மூன்று விலைப்புள்ளி வாங்கியும் எங்கள் நிறுவனம் சந்தையைவிடக் கூடுதலாகவே கொடுத்துக்கொண்டிருந்தது. மூன்றும் ஒரே ஆளுடையதோ என்ற சந்தேகத்தில் கையெழுத்துகளை ஒப்பிட்டேன், பயனில்லை. முகவரி தேடி அலைந்தேன். மூன்று இடத்திலும் ஒழுங்காகப் பெயர்ப்பலகை தொங்கியது. நான்கு நாள் வீண்.

ஐந்தாம் நாள் மூன்று ஜிஎஸ்டி எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. மூன்று முதல் பன்னிரண்டு வரை உரிமையாளரின் பான் எண், அதாவது வருமான வரி எண். மூன்றிலும் அந்தப் பத்தும் ஒன்றே! பதின்மூன்றாவது இடம் மட்டும் 1, 2, 3. ஒரே பான் எண்ணுக்கு அந்த மாநிலத்தில் அது எத்தனையாவது பதிவு என்பதைத்தான் அந்த இடம் சொல்கிறது. கடைசி எழுத்தும் மாறுவதால் மேலோட்டமாகப் பார்ப்பவர் ஏமாந்துவிடுவார்.

இப்போது எக்செல் தாளில் அந்தப் பத்து எழுத்தும் தனியாகப் பிரிகிறது. இரண்டு ஒத்துப்போனால் கட்டம் சிவப்பாகிறது. நிம்மதி.