படகின் மேல்தட்டில் நங்கூர விஞ்ச்: நான் பொருத்தும் முறை

பென்னாகரத்தில் என் பட்டறைக்கு வருவது பெரும்பாலும் கிணற்று மோட்டார்தான். ஒரே ஒரு படகு வேலை என்னை நிறைய யோசிக்க வைத்தது. மேட்டூர் நீர்த்தேக்கக் கரையில் நாகமரையில் இருக்கும் என் சித்தப்பா மகனின் 14 அடி ஃபைபர் படகில், நங்கூரக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் மின்சார விஞ்ச் பொருத்திக் கொடுத்தேன். மேலிருந்து திருகாணி போட்டு முறுக்கினேன், இறுக்கமாகத்தான் இருந்தது. இரண்டு மாதத்தில் விஞ்ச் மேல்தட்டோடு பிய்ந்து வந்துவிட்டது. அவன் கையில் அடிபடாமல் தப்பியது பெரிய விஷயம்.

மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. தண்ணீர் நன்றாக இறங்கினால் எதிர்க்கரைப் பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலை வெளியே தெரியும். அப்படிப்பட்ட நீர்த்தேக்கத்தின் அடியில் நங்கூரம் மாட்டிக்கொள்ளக் கல்லுக்கும் கட்டைக்கும் குறைவே இல்லை. அன்றும் மாட்டிக்கொண்டது. அவன் சுவிட்சை விடாமல் அழுத்தியிருக்கிறான்.

இப்போது நான் செய்வது இப்படி. முன்முனை ரோலரிலிருந்து விஞ்ச் உருளைக்கு ஒரு நூலைக் கட்டிப் பாருங்கள். நேராக வர வேண்டும். கோணலாக வந்தால் கயிறு ஒரே பக்கம் குவியும், போல்ட்டுகளும் முறுக்கு வாங்கும். இடத்தைக் குறிக்கும் முன் மேல்தட்டுக்கு அடியில் கை நுழைகிறதா என்று பாருங்கள். நட்டை அங்கிருந்துதான் முடுக்க வேண்டும்.

விஞ்ச்சைத் தாங்குவது அடியில் வைக்கும் பலகைதான். 12 மி.மீ. மெரைன் பிளைவுட் (தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை) எடுத்து, விஞ்ச்சின் அடித்தட்டைவிட நாலு பக்கமும் மூன்று விரல் அகலம் கூடுதலாக வெட்டுங்கள். மூலைகளை உருட்டிவிடுங்கள், கூர்மையான மூலை ஃபைபரில் விரிசல் விடும். ஃபைபரின் அடிப்பக்கம் சமமாக இருக்காது. அதனால் பலகைக்கு எபாக்சி (இரண்டைக் கலந்தால் இறுகும் பிசின்) பூசி, கெட்டியான எபாக்சிப் பசையில் பதித்து ஒட்டுங்கள்.

மேல்தட்டின் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே மரம் இருந்தால் ஓட்டை போடுவதில் அவசரம் வேண்டாம். முதலில் 12 மி.மீ. ஓட்டை போட்டு எபாக்சியால் நிரப்புங்கள். ஒரு நாள் காய்ந்த பிறகு அதன் நடுவே 8 மி.மீ. ஓட்டை. இப்படிச் செய்தால் தண்ணீர் மரத்தைத் தொடாது. நனைந்த மரம் உளுத்து அமுங்கினால் எவ்வளவு இறுக்கிய போல்ட்டும் ஆடும்.

போல்ட் 8 மி.மீ. ஸ்டெயின்லெஸ், அடியில் அகல வாஷர், நைலான் வைத்த நட். ஓட்டையில் தண்ணீர் கசியாமல் அடைக்கப் பாத்ரூம் சிலிக்கான் வேண்டாம், படகுக்கான பாலியூரித்தேன் சீலண்ட் வாங்குங்கள். பாதி இறுக்கி விட்டுவிட்டு, மறுநாள் மேலே போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு அடியில் நட்டை மட்டும் திருப்புங்கள். போல்ட் சுழன்றால் சீலண்ட் கிழியும். ஸ்டெயின்லெஸ் நட்டை மெஷினில் வேகமாக முடுக்கினால் மரை பிடித்துக்கொள்ளும், ஸ்பேனரில் மெதுவாகத் திருப்புவதே நல்லது.

அப்புறம் ஒயரிங். 12 வோல்ட்டில் 40 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், பேட்டரியிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். போக வர 8 மீட்டர். 6 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் ஏறக்குறைய 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 சதுர மி.மீ. போட்டால் 0.35 வோல்ட்தான். பிரேக்கரைப் பேட்டரிக்கு அருகிலேயே வையுங்கள், அளவு விஞ்ச்சின் கையேட்டில் சொன்னபடி. கேபிள் நுனியில் மாட்டும் லக்கை நன்றாகக் கிரிம்ப் செய்து (நசுக்கிப் பிடித்து), மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். நங்கூரத்தை ஏற்றும்போது எஞ்சின் ஓடட்டும்.

விஞ்ச் நங்கூரத்தைத் தூக்குவதற்கு மட்டும்தான். இறக்கி நிறுத்தியதும் கயிற்றை முன்பக்கம் தனியாகப் பொருத்திய கொம்பில் (கயிறு கட்டும் கிளீட்டில்) கட்டுங்கள். அந்தக் கொம்புக்கும் அடியில் பலகை வேண்டும். நங்கூரம் மாட்டிக்கொண்டால் சுவிட்சை விட்டுவிட்டு, கயிற்றைக் கொம்பில் கட்டி, படகை மெதுவாக நங்கூரத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் நகர்த்தி இழுங்கள். கயிற்றைப் பின்பக்கம் கட்டி ஒருபோதும் இழுக்காதீர்கள், படகு தண்ணீரை அள்ளிவிடும்.

சித்தப்பா மகனின் படகில் பழைய ஓட்டைகளை நான் திரும்பப் பயன்படுத்தவில்லை. கிழிந்த இடத்தைச் சரிவாகத் தேய்த்து, ஃபைபர் மேட்டும் ரெசினும் வைத்து அடைத்து, ஒரு சாண் பின்னால் புதிதாகப் பொருத்தினேன். மாதம் ஒரு முறை அடியில் டார்ச் அடித்து, ஈரமும் விரிசலும் இருக்கிறதா என்று அவன் பார்க்கிறான்.